கோப்புகள் எப்படி ஊர் போய்ச் சேருகின்றன?

கல்லாவியில் மாங்காய்ப் பருவம் தொடங்கிவிட்டால் இரவெல்லாம் லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிப் பெரியப்பாவின் மண்டி. தோப்புகளிலிருந்து வரும் பெங்களூரா மாங்காயைத் தரம் பிரித்து, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு ஏற்றி அனுப்புவார்கள். நான் பள்ளியில் படித்த காலத்தில் அந்த மண்டியில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. லாரி புறப்படும் முன்பே பெரியப்பா ஆலைக்குப் பேசிவிடுவார். "அண்ணே, வண்டி கிளம்புது. எந்த கேட்டுக்கு வரச் சொல்லட்டும்?" என்பார். அங்கிருந்து கேட் எண் வரும். லாரி போய்ச் சேர்ந்ததும் மீண்டும் மணி அடிக்கும். "சரக்கு இறங்கிடுச்சு, எடை சரியா இருக்கு" என்ற சொல் வரும் வரையில் பெரியப்பா படுக்கப் போகமாட்டார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பேச்சு போன வழி வேறு; சரக்கு போன வழி வேறு. தொலைபேசிக் கம்பியில் மாங்காயை அனுப்ப முடியாது. லாரி ஓட்டுநரிடம் விலை பேச முடியாது. இரண்டு வழிகளும் சேர்ந்துதான் ஒரு வியாபாரம் முடிகிறது.

ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொரு கணிப்பொறிக்குக் கோப்பு போவதும் ஏறத்தாழ இப்படித்தான். கல்லூரியில் எஃப்.டி.பி. பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பெரியப்பாவின் மண்டிதான்.

உங்கள் பள்ளிக்கு ஓர் இணையதளம் அமைக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கங்களை எழுதிவிட்டீர்கள், படங்களைச் சேர்த்துவிட்டீர்கள். எல்லாம் உங்கள் கணிப்பொறியில் ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன. உலாவியில் திறந்து பார்த்தால் அழகாகத் தெரிகின்றன. ஆனால் உங்களைத் தவிர வேறு எவருக்கும் அவை தெரியா. ஊத்தங்கரையிலோ ஓசூரிலோ இருப்பவர் பார்க்க வேண்டுமானால், இரவும் பகலும் இயங்கிக்கொண்டு, கேட்பவருக்கெல்லாம் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் ஒரு கணிப்பொறியில் அவை இருக்க வேண்டும். அந்தக் கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். வழங்கி என்றும் தமிழில் எழுதுவர். அது சென்னையில் இருக்கலாம், மும்பையில் இருக்கலாம், சிங்கப்பூரிலும் இருக்கலாம். உங்கள் கோப்புகளை அங்கே கொண்டுசேர்க்கும் வேலைக்குத்தான் கோப்பு மாற்றும் மென்பொருள் தேவைப்படுகிறது. ஃபைல்சில்லா, வின்எஸ்.சி.பி. போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. திரையின் இடப்பக்கத்தில் உங்கள் கணிப்பொறி, வலப்பக்கத்தில் சர்வர். இடப்புறக் கோப்பை வலப்புறம் இழுத்துவிட்டால் போய்விடுகிறது. பார்ப்பதற்கு எளிது. ஆனால் உள்ளே நடப்பது என்ன?

ஒரே எழுத்து, இரண்டு எண்

ஒரு கோப்பை நகல் எடுப்பதில் என்ன கடினம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு கணிப்பொறிகளும் ஒரே சாதியாக இருந்தால் கடினம் ஒன்றுமில்லை. 1971-இல் நிலைமை அப்படி இல்லை.

இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அமெரிக்காவில் 1969 அக்டோபரில் தன் முதல் செய்தியை அனுப்பியது. 1971 வாக்கில் அதில் இருபதுக்கும் குறைவான இடங்களே இணைந்திருந்தன. ஆனால் அந்தச் சில இடங்களிலும் இருந்த கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. பி.டி.பி.-10 என்ற பொறி 36 பிட்டுகளை ஒரு சொல்லாகக் கொண்டது. ஐ.பி.எம். 360 பொறிக்கு ஒரு சொல் 32 பிட். எழுத்துகளைக் குறிக்கும் எண்களும் வேறு. ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'யை ஆஸ்கி முறையில் 65 என்று எழுதுவர், அதாவது 01000001. ஐ.பி.எம். பொறிகள் பயன்படுத்திய எப்சிடிக் முறையில் அதே எழுத்து 193, அதாவது 11000001. பிட்டுகளை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் வைத்தால் கடிதம் புரியாத குப்பையாகிவிடும். எழுத்தை மாற்றிக் கொடுத்தால் கடிதம் பிழைக்கும். ஆனால் அதே மாற்றத்தைக் கணக்கீட்டுப் பட்டியல் கொண்ட கோப்புக்குச் செய்தால் அது கெட்டுவிடும். ஆக, எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதில் இரு பொறிகளும் முன்கூட்டியே உடன்பட வேண்டும். இத்தகைய உடன்பாட்டை நெறிமுறை என்கிறோம்.

கோப்பு மாற்றத்துக்கான நெறிமுறையை முதன்முதலில் எழுதியவர் ஓர் இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர். 1965-இல் பட்டம் பெற்றார். அவர் அங்கே படித்துக்கொண்டிருந்த 1963-இல்தான் ஐ.பி.எம். 1620 என்ற கணிப்பொறி அக்கல்லூரிக்கு வந்தது. பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்று, 1971 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 114 என்ற எண்ணுள்ள சிறு ஆவணத்தை வெளியிட்டார். அதன் தலைப்பு 'கோப்பு மாற்ற நெறிமுறை'. அதன் ஆங்கிலச் சுருக்கமே எஃப்.டி.பி. வலைத்தளம் என்ற சொல்லே பிறவாத காலம் அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பலர் சேர்ந்து அதைத் திருத்தினார்கள். 1985 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 959 என்ற பெயரில் வெளியான வடிவமே இன்று வரை அடிப்படையாக நிற்கிறது. இடையில் ஒரு சுவையான செய்தி: மின்னஞ்சலும் தன் தொடக்க ஆண்டுகளில் இந்த எஃப்.டி.பி.யின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்தது. 1980-களின் தொடக்கத்தில்தான் அஞ்சலுக்கென்று தனி நெறிமுறை வந்தது.

தொலைபேசியும் லாரியும்

இப்போது ஒரு கோப்பை அனுப்பிப் பார்ப்போம். மென்பொருள் முதலில் சர்வரின் 21-ஆம் எண் வாயிலைத் தட்டுகிறது. வாயில் என்பது இங்கே போர்ட். ஒரே கட்டடத்தில் பல அலுவலகங்கள் இருந்தால் கதவுக்குக் கதவு எண் இடுவதைப் போல, ஒரே கணிப்பொறியில் நடக்கும் பல சேவைகளுக்கும் 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு. 21-ஆம் வாயில் பேச்சுக்கானது. அதில் நடக்கும் உரையாடல் இவ்வாறு இருக்கும். (கட்டளைகளையும் பதில்களையும் தமிழில் தந்திருக்கிறேன்.)

சர்வர்: 220 – தயார்.
நாம்: யூசர் கல்லாவி
சர்வர்: 331 – கடவுச்சொல் வேண்டும்.
நாம்: பாஸ் மாம்பழம்123
சர்வர்: 230 – உள்ளே வரலாம்.
நாம்: டைப் ஐ
சர்வர்: 200 – சரி.
நாம்: பாசிவ்
சர்வர்: 227 – (203,0,113,9,195,80)
நாம்: ஸ்டோர் மின்சுற்று
சர்வர்: 150 – அனுப்புங்கள், பெற்றுக்கொள்கிறேன்.
சர்வர்: 226 – முடிந்தது.

எண்களைப் பாருங்கள். ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்கம். முதல் இலக்கத்துக்குப் பொருள் உண்டு. 1 என்றால் வேலை தொடங்கிவிட்டது, பொறு. 2 என்றால் நன்றாக முடிந்தது. 3 என்றால் இன்னும் ஏதோ தர வேண்டும். 4 என்றால் இப்போது முடியாது, பிறகு முயன்று பார். 5 என்றால் முடியாது, அதையே திரும்பக் கேட்காதே. கடவுச்சொல் தவறானால் 530, கோப்பை எட்ட முடியாவிட்டால் 550. ஆங்கில விளக்கம் எப்படி மாறினாலும், மென்பொருள் அந்த எண்ணை மட்டுமே பார்த்து முடிவெடுக்கிறது. இந்த மூன்றிலக்க வழக்கம் பின்னர் மின்னஞ்சலுக்கும் வலைத்தளங்களுக்கும் பரவியது. உலாவியில் நீங்கள் எரிச்சலுடன் பார்க்கும் 404 இந்தக் குடும்பத்து எண்தான்.

227 என்ற பதிலில் வந்த ஆறு எண்கள் என்ன? முதல் நான்கும் சர்வரின் முகவரி. கடைசி இரண்டும் சேர்ந்து ஒரு வாயில் எண். ஐந்தாவது எண்ணை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டுங்கள். 195 × 256 = 49,920. அதனுடன் 80 சேர்த்தால் 50,000. "சரக்கை 50,000-ஆம் வாயிலில் இறக்கு" என்று சர்வர் சொல்கிறது. பெரியப்பாவுக்கு ஆலையிலிருந்து வந்த கேட் எண்ணே இது. உடனே மென்பொருள் அந்த வாயிலுக்கு இரண்டாவது இணைப்பு ஒன்றை ஏற்படுத்தி, கோப்பின் பைட்டுகளை அதன் வழியாக அனுப்புகிறது. முதல் இணைப்பு பேச்சுக்கு, இரண்டாவது இணைப்பு சரக்குக்கு. முதலாவதைக் கட்டளை இணைப்பு என்றும், இரண்டாவதைத் தரவு இணைப்பு என்றும் கூறுவர்.

பழைய முறையில் இது நேர்மாறாக இருந்தது. நாம் நம் வாயில் எண்ணைச் சொல்வோம். சர்வர் தன் 20-ஆம் வாயிலிலிருந்து நம்மை நோக்கி இணைப்பைத் தொடங்கும். கணிப்பொறிகள் வெட்டவெளியில் இருந்த காலத்தில் இதில் தொல்லை இல்லை. இன்று நம் வீட்டுக் கணிப்பொறி மோடத்துக்குப் பின்னால், ஒரு தடுப்புச் சுவருக்குள் இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு தொழிற்சாலை வாயிலில் நின்று பாருங்கள். உள்ளே இருப்பவர் வெளியே போவதைக் காவலர் தடுப்பதில்லை. வெளியிலிருந்து முன்னறிவிப்பில்லாமல் ஒரு லாரி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். சர்வர் தொடங்கும் இணைப்புக்கும் அதே கதிதான். அதனால்தான் பாசிவ் முறை, அதாவது நாமே போய்ச் சேரும் முறை, இன்று வழக்கமாகிவிட்டது. கடவுச்சொல் சரி, உள்ளே போயாயிற்று, ஆனால் கோப்புப் பட்டியல் மட்டும் வராமல் திரை அப்படியே நிற்கிறது என்றால், தொலைபேசி கிடைத்தும் லாரிக்கு வழி கிடைக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். முதலில் சரிபார்க்க வேண்டியது பாசிவ் முறையைத்தான்.

நான்கு பைட் குறைந்த படம்

மேலே உள்ள உரையாடலில் 'டைப் ஐ' என்று ஒரு வரி வந்ததே, அதைச் சாதாரணமாகக் கடந்து வந்துவிட்டோம். அந்த ஒரு வரியை விட்டுவிட்டதால் நான் ஒருமுறை தலைகுனிந்த கதையைச் சொல்கிறேன்.

2006 வாக்கில் எங்கள் துறையின் இணையப் பக்கத்தில் ஆய்வுக்கூட மின்சுற்றுப் படங்களை ஏற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. விண்டோஸ் கணிப்பொறியின் கறுப்புச் சாளரத்தில் எஃப்.டி.பி. என்று தட்டச்சிட்டு, கட்டளைகளைக் கையாலேயே கொடுத்து அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் 226 என்ற பதில் வந்தது. மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பக்கத்தைத் திறந்தால், எழுத்துகள் எல்லாம் சரி; படங்கள் இருந்த இடத்தில் எல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி. மீண்டும் அனுப்பினேன். மீண்டும் 226. மீண்டும் பெருக்கல் குறி.

முதுகலை மாணவி ஒருத்தி அருகில் நின்றிருந்தாள். "சார், ரெண்டு பக்கமும் கோப்போட அளவைப் பாருங்க" என்றாள். பார்த்தோம். எங்கள் பக்கம் இருந்த படம் ஒன்று ஏறத்தாழ 200 கிலோபைட். சர்வரில் இருந்தது அதைவிட நான்கே நான்கு பைட் குறைவு. இரண்டு லட்சத்தில் நான்கு!

என்ன நடந்தது? எழுத்துக் கோப்புகளில் ஒரு வரி முடிந்தது என்பதைக் காட்டும் வழக்கம் பொறிக்குப் பொறி வேறுபடும். விண்டோஸ் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளை இடும். யுனிக்ஸ், லினக்ஸ் வகைகள் 10 என்ற ஒன்றை மட்டும் இடும். தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் வண்டியை இடக்கோடிக்குத் தள்ளுவதும், தாளை ஒரு வரி மேலேற்றுவதும் தனித்தனிச் செயல்கள் அல்லவா? அந்த இரண்டின் நினைவுச் சின்னமே 13-உம் 10-உம். எஃப்.டி.பி.யில் 'டைப் ஏ' என்பது எழுத்து முறை. அம்முறையில் கோப்பு போகும்போது வரி முடிவுகள் சேருமிடத்து வழக்கத்துக்கு ஏற்ப மாற்றப்படும். 'டைப் ஐ' என்பது உள்ளது உள்ளபடியே போகும் முறை; பைனரி முறை என்பர். நான் பயன்படுத்திய கறுப்புச் சாளர மென்பொருள், வேறு சொல்லாவிட்டால், எழுத்து முறையையே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வர் என் படத்தை ஒரு கடிதம் என்று நம்பி, அதில் 13, 10 என்று அடுத்தடுத்து வந்த இடங்களில் எல்லாம் 13-ஐ நீக்கிவிட்டது. படத்தில் அந்த 13 வரி முடிவு அன்று. அது படத்தின் உடம்பு.

ஏன் நான்கு மட்டும்? இதை அந்த மாணவியே கணக்கிட்டுக் காட்டினாள். நீங்களும் செய்யலாம். சுருக்கப்பட்ட படக் கோப்பில் பைட்டுகள் ஏறக்குறையச் சீட்டுக் குலுக்கியதைப் போலத்தான் வரும். ஒரு பைட் 0 முதல் 255 வரை 256 மதிப்புகளில் எதுவாகவும் இருக்கலாம். ஓரிடத்தில் 13 வருவதற்கு நிகழ்தகவு 256-இல் 1. அதை அடுத்து 10 வருவதற்கு மீண்டும் 256-இல் 1. இரண்டும் சேர்ந்து வர 256 × 256 = 65,536-இல் 1. 200 கிலோபைட் என்பது 2,04,800 பைட். 65,536-ஆல் வகுத்தால் 3.125. ஆகச் சராசரியாக மூன்று இழப்பு. நான்காவது? அதற்கு வருகிறேன். அதற்கு முன் எதிர்த் திசையை எண்ணிப் பாருங்கள். அதே படத்தை லினக்ஸ் சர்வரிலிருந்து விண்டோஸ் கணிப்பொறிக்கு எழுத்து முறையில் இறக்கினால், தனியாக வரும் ஒவ்வொரு 10-க்கும் முன்னால் ஒரு 13 நுழைந்துவிடும். 2,04,800-ஐ 256-ஆல் வகுத்தால் 800. ஒரு பக்கம் மூன்று குறைகிறது, மறு பக்கம் எண்ணூறு கூடுகிறது. படம் பாழாவதற்கு மூன்றும் போதும்.

நான்காவது பைட் தற்செயலாகப் போனதில்லை. அது போகும் என்று தெரிந்தே வைக்கப்பட்டது. எங்கள் படங்கள் பி.என்.ஜி. வகையைச் சேர்ந்தவை. 1996-இல் தரப்படுத்தப்பட்ட அந்த வகையில் எல்லாக் கோப்புகளும் பின்வரும் எட்டு பைட்டுகளுடன்தான் தொடங்கும்:

137, 80, 78, 71, 13, 10, 26, 10

80, 78, 71 மூன்றும் 'பி', 'என்', 'ஜி' என்ற ஆங்கில எழுத்துகள். மற்றவை பொறிகள். 137 என்பது 127-ஐவிடப் பெரியது; பைட்டுக்கு ஏழு பிட்டை மட்டும் கடத்தும் பழைய வழியில் போனால் எட்டாவது பிட் வெட்டப்பட்டு அது 137 − 128 = 9 ஆகிவிடும். 13, 10 என்ற இணை, 13-ஐ நீக்கும் சர்வரைக் காட்டிக்கொடுக்கும். கடைசியில் தனியாக நிற்கும் 10, 13-ஐ நுழைக்கும் சர்வரைக் காட்டிக்கொடுக்கும். 26 என்பது பழைய டாஸ் முறையில் எழுத்துக் கோப்பு முடிந்ததற்கான குறி. யாராவது படத்தைக் கடிதம்போலத் திரையில் காட்ட முயன்றால் அங்கேயே நின்றுவிடும். படத்தைத் திறக்கும் மென்பொருள் முதலில் இந்த எட்டையும் பார்க்கிறது. ஒன்று மாறியிருந்தாலும் இது வழியில் அடிபட்ட சரக்கு என்று முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. பழைய முட்டைக்காரர்கள் கூடையின் மேலடுக்கில் மெல்லிய ஓடுள்ள முட்டையை வைத்து அனுப்புவதைப் போன்ற தந்திரம் என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம். (அப்படி யாரும் வைத்ததாக நான் பார்த்ததில்லை. வைத்திருந்தால் நன்றாக இருக்கும்.)

நம் எழுத்துகளுக்கு வந்த சோதனை

எட்டாவது பிட்டை வெட்டும் வழியைப் பற்றிச் சொன்னேன். ஆங்கிலக் கடிதத்துக்கு அதனால் ஊறு இல்லை. ஆஸ்கி எழுத்துகள் எல்லாம் 127-க்குள் அடங்கிவிடும். தமிழுக்கு? கல்லாவி என்ற நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யுனிகோட் முறையில் க, ல, புள்ளி, ல, துணைக்கால், வ, இகரக் கொக்கி என ஏழு குறிகள். யு.டி.எஃப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆகக் கல்லாவி என்பது 21 பைட். 'க' மட்டும் 224, 174, 149. எட்டாவது பிட்டை வெட்டினால் 96, 46, 21 என்றாகும். 96 ஒரு சாய்ந்த ஒற்றைக்குறி, 46 முற்றுப்புள்ளி, 21 கண்ணுக்கே தெரியாதது. 'க' இருந்த இடத்தில் இரண்டு கொசுக்கள் மிஞ்சும்.

1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகின் பல நாடுகளிலிருந்து தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் சேர்த்த தொண்டு அது. தொடக்கத்தில் அவர்கள் பயன்படுத்தியது டிஸ்கி என்ற குறியாக்கம். அதிலும் தமிழ் எழுத்துகள் 127-க்கு மேலேதான் குடியிருந்தன. ஊர்விட்டு ஊர் போகும் ஒரு கோப்பில் எட்டாவது பிட் தொலைந்தால் நூல் முழுவதும் தொலைந்ததாகவே பொருள். மாதக்கணக்கில் ஒருவர் தட்டச்சிட்ட உழைப்பு, பைனரி என்ற ஒரு சொல்லைச் சார்ந்து நிற்கிறது.

ஆனால் வரி முடிவு மாற்றத்தால் யு.டி.எஃப்.-8 தமிழுக்கு ஆபத்தில்லை. ஏன் என்று மேலே தந்த எண்களிலிருந்தே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்: தமிழ்க் குறியின் மூன்று பைட்டுகளும் 127-க்கு மேற்பட்டவை, அவற்றில் 13-உம் 10-உம் வரவே வழியில்லை. கோப்பின் உள்ளே இருக்கும் தமிழ் தப்பிவிடும். கோப்பின் பெயரைத் தமிழில் வைப்பதுதான் இன்றும் சில சர்வர்களில் தொல்லை தருகிறது. இணையதளக் கோப்புகளுக்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே பெயர் வைப்பது நல்லது. லினக்ஸ் சர்வர் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகக் கொள்ளும். விண்டோஸ் கொள்ளாது. உங்கள் கணிப்பொறியில் தெரிந்த படம் சர்வரில் தெரியாமல் போவதற்குப் பாதி வேளை இதுதான் காரணம்.

பாதி லாரி

ஒரு கோப்பு முழுவதும் வந்துவிட்டது என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? எஃப்.டி.பி.யின் வழக்கமான முறையில் இதற்கு விடை வியப்பானது: தரவு இணைப்பு மூடப்பட்டால் கோப்பு முடிந்தது என்று பொருள். லாரி திரும்பிவிட்டது, ஆகவே சரக்கு இவ்வளவுதான்! வழியில் கம்பி அறுந்து இணைப்பு முறிந்தால்? சர்வரில் பாதிக் கோப்பு கிடக்கும். அதன் பெயர் முழுக் கோப்பின் பெயரேதான். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

நாங்கள் படித்த காலத்தில் இது அடிக்கடி நடந்தது. தொலைபேசிக் கம்பி மோடத்தில் மேலேற்றும் வேகம் மிகுதியாகப் போனால் நொடிக்கு 33,600 பிட். ஒரு மெகாபைட் என்பது 83,88,608 பிட். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 250 நொடி. ஐந்து மெகாபைட்டுக்கு இருபது நிமிடத்துக்கும் மேல். பதினெட்டாவது நிமிடத்தில் யாராவது அந்தத் தொலைபேசியை எடுத்தால் போயிற்று. இதற்கும் நெறிமுறையில் மருந்து உண்டு. 'ரெஸ்ட்' என்ற கட்டளையுடன் ஒரு பைட் எண்ணைக் கொடுத்தால், அந்த இடத்திலிருந்து மேற்கொண்டு தொடரலாம். இன்றைய மென்பொருள்களில் 'ரெஸ்யூம்' என்ற பொத்தானை அழுத்தும்போது நடப்பது இதுவே.

அளவைச் சரிபார்ப்பது எடைமேடையைப் போன்றது. புறப்படும்போது ஓர் எடை, சேரும்போது ஓர் எடை. இரண்டும் ஒன்றானால் பெரும்பாலும் சரக்கு சரி. ஆனால் வழியில் பத்து நல்ல மாங்காயை எடுத்துவிட்டு அதே எடைக்குப் பத்து அழுகலைப் போட்டால் எடைமேடை கண்டுபிடிக்காது. கோப்புகளுக்கு அதைவிட நல்ல கருவி இருக்கிறது. ஷா-256 என்ற கணக்கீடு எவ்வளவு பெரிய கோப்பையும் 64 இலக்கப் பதினறும எண்ணாகச் சுருக்கிக் கொடுக்கும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். இரு முனைகளிலும் கணக்கிட்டு ஒப்பிட்டால் ஐயமே இராது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிவுப் பட்டியல் போன்ற ஒன்றை ஏற்றும்போது, பழைய கோப்பின் பெயரிலேயே நேராக ஏற்றினால், ஏறி முடியும் வரை வருகிறவர்களுக்குப் பாதிப் பட்டியல்தான் தெரியும். தன் எண் பட்டியலில் இல்லை என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகக்கூடும். வேறொரு தற்காலிகப் பெயரில் முழுவதும் ஏற்றி, சரிபார்த்து, பிறகு பெயரை மாற்றுங்கள். பெயர் மாற்றம் சர்வரின் உள்ளேயே கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். பக்கங்களை ஏற்றும்போதும் படங்களை முதலில், அவற்றைக் காட்டும் பக்கத்தைக் கடைசியில் ஏற்றுவதே முறை.

ஒட்டுக் கேட்பவர்

உரையாடலில் வந்த கடவுச்சொல் உங்களுக்கு நினைவிருக்கிறதா? மாம்பழம்123. நீங்கள் அதை எளிதாகப் படித்துவிட்டீர்கள். வழியில் கம்பியைத் தொட்டுப் பார்ப்பவரும் அதே எளிமையோடு படித்துவிடுவார். எஃப்.டி.பி. எழுதப்பட்ட காலத்தில் வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். பூட்டு தேவை என்று எவருக்கும் தோன்றவில்லை. கோப்பு மட்டுமின்றிக் கடவுச்சொல்லும் மறைவின்றியே போயிற்று.

1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திரட்டிவிட்டார்கள். அங்கிருந்த தாது இலோனன் என்ற ஆய்வாளர் அதற்கு விடையாக எஸ்.எஸ்.எச். என்ற புதிய நெறிமுறையை எழுதினார். இதில் பேச்சு தொடங்கும் முன்பே இரு பொறிகளும் ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்கிக்கொள்கின்றன. பிறகு போவது எல்லாம் புதிர். தன் நெறிமுறைக்கு அவர் 22-ஆம் வாயிலைக் கேட்டு வாங்கினார். எஃப்.டி.பி.யின் வாயில் 21, தொலைவிலிருந்து சர்வரை இயக்கும் டெல்நெட்டின் வாயில் 23. இரண்டுக்கும் மாற்றாக வரும் ஒன்றுக்கு இடையிலிருந்த 22 காலியாகக் கிடந்தது.

இந்த எஸ்.எஸ்.எச்.சின் உள்ளே ஓடும் கோப்பு மாற்ற முறையே எஸ்.எஃப்.டி.பி. பெயரைப் பார்த்து இது எஃப்.டி.பி.யின் பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். இது வேறு குடும்பம். இதில் பேச்சும் சரக்கும் பூட்டிய ஒரே வண்டியில் போகின்றன. இரண்டாவது வாயில் இல்லை, ஆகவே காவலர் தொல்லையும் இல்லை. பழைய எஃப்.டி.பி.க்கே பூட்டுப் போட்ட எஃப்.டி.பி.எஸ். என்ற வகையும் உண்டு. பூட்டில்லாத பழைய முறை மெல்ல மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் குழுவினர் தம் பொது எஃப்.டி.பி. சேவையை 2017 நவம்பர் 1 அன்று நிறுத்தினர். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் அதைத் தம் உலாவிகளிலிருந்து எடுத்துவிட்டன. நீங்கள் இணையதளம் அமைக்கும்போது, இடம் தரும் நிறுவனம் எஸ்.எஃப்.டி.பி. வசதி தருகிறதா என்று கேளுங்கள். தராவிட்டால் வேறு நிறுவனம் பாருங்கள். பிரவுசிங் சென்டரிலிருந்து பூட்டில்லாத முறையில் பள்ளியின் கடவுச்சொல்லைத் தட்டச்சிடவே வேண்டாம்.

பழைய முறையை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கான கோப்பு மேலாளர் செயலிகள் சிலவற்றில் சிறிய எஃப்.டி.பி. சர்வர் உள்ளேயே இருக்கிறது. வீட்டு வைஃபையில் கைப்பேசியைச் சர்வராக இயக்கி, விண்டோஸ் கணிப்பொறியில் ஃபைல்சில்லாவைத் திறந்து, திரையில் செயலி காட்டும் முகவரியையும் வாயில் எண்ணையும் கொடுங்கள். கைப்பேசிச் செயலி 21-க்குப் பதில் வேறு எண்ணைக் காட்டலாம், அதையே இடுங்கள். விளையாட்டுக்கான ஒரு கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், உண்மையானது வேண்டாம். மேல்பகுதியில் ஓடும் சிறு சாளரத்தில் 220, 331, 227, 226 எல்லாம் ஒவ்வொன்றாக வரும். ஆறு எண்களை எடுத்து வாயில் எண்ணைக் கணக்கிடுங்கள். பிறகு ஒரு பி.என்.ஜி. படத்தைப் பைனரி முறையில் ஒருமுறையும் எழுத்து முறையில் ஒருமுறையும் அனுப்பி, பைட் அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். அளவு மாறவில்லை என்றால் ஏமாற்றமடைய வேண்டாம். எழுத்து முறைக்குச் 'சரி' என்று தலையாட்டிவிட்டு, கோப்பைத் தொடாமல் வைத்துக்கொள்ளும் சாதுரியமான சர்வர்களும் உண்டு. அளவு மாறினால், எத்தனை பைட் மாற வேண்டும் என்று 65,536-ஆல் வகுத்து முதலிலேயே தாளில் எழுதி வைத்திருங்கள். முகப்பில் உறுதியாகப் போகும் அந்த ஒரு பைட்டையும் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம்.